ஊத்துப்பட்டியில் யாரும் இல்லை

நான் திருத்துறைப்பூண்டிக்காரி. எங்கள் பக்கத்தில் உயரமான இடம் என்றால் கோயில் கோபுரம், அதை விட்டால் தண்ணீர்த் தொட்டி. ஆகவே தேனியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பார்த்த பக்கமெல்லாம் மலை நிற்பதைக் கண்டதும் எனக்குப் பரவசம் ஒன்றும் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நான் போட்ட வரைபடத்தில் இந்த மலைகள் வெறும் பச்சை நிறம். நேரில் வந்து நின்றால் முறைத்துப் பார்க்கின்றன.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆஸ்பத்திரிக்கு எந்தெந்த ஊர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று வரைபடம் போடுவது. பதிவேட்டில் உள்ள விலாசங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளைச் சுற்றி ஒரு கோடு இழுத்தால் அந்த ஆஸ்பத்திரியின் எல்லை கிடைத்துவிடும். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் எங்கே டாக்டர் வேண்டும், எங்கே ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும் என்று முடிவு செய்வார்கள். தேனியிலிருந்து கம்பம் வரைக்குமான பள்ளத்தாக்குக்கு நான் போட்ட படம் எனக்கு முன்பே இங்கே வந்து சேர்ந்துவிட்டது. ஐந்து நாள் நேரில் சுற்றிப் பார்த்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. மகளிடம் மலை பார்க்கப் போகிறேன் என்று பெருமையடித்துவிட்டு வந்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஓட்டலில் இட்லி கேட்டேன். இலையில் இட்லி விழுந்த வேகத்தில் அதன்மேல் குடல் குழம்பும் விழுந்தது. காலை எட்டு மணிக்கு! "சாம்பார் இல்லையா?" என்றேன். பரிமாறியவர் ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தார். "ஏன், உடம்புக்கு முடியலையா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். வெட்கப்பட்டுக்கொண்டு குடல் குழம்பையே சாப்பிட்டேன். இன்னும் இரண்டு இட்லி கேட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மாவட்ட அலுவலகத்தில் என்னை வரவேற்ற டாக்டர் அமைதியான மனிதர், ஐம்பது வயதிருக்கும். மேஜையில் என் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து விரித்து வைத்திருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் விரல் நேராக ஓடைப்பட்டிக்குக் கிழக்கே, மலையடியில் இருந்த ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்குப் போனது. அதன் பெயரையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களின் உண்மையான பெயர்களையும் இங்கே சொல்லப்போவதில்லை. மலையடி ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்வோம்.

"உங்க மேப்புல ரொம்ப உதவியா இருந்த விஷயம் இதுதான் மேடம். இந்த ஆஸ்பத்திரியச் சுத்தி புள்ளியே இல்ல. பிரசவத்துக்கு வர்றவங்க எல்லாரும் ஹைவே பக்கத்து ஆளுங்க. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். அப்புறம் எதுக்கு ஒரு ஆம்புலன்ஸ் மலையடியில நிக்கணும்? அதை ஹைவேக்கு மாத்துறோம். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மீட்டிங். நீங்க சரின்னு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

நான் தலையாட்டினேன். ஹைவேக்காரர்கள் ஏன் இவ்வளவு தூரம் மலையடிக்குப் போய்ப் பிள்ளை பெறுகிறார்கள் என்ற கேள்வி எனக்கும் வந்ததுண்டு. அதற்கு நானே ஒரு பதிலும் கண்டுபிடித்து அடிக்குறிப்பில் எழுதியிருந்தேன்: அங்குள்ள செவிலியர் கைராசிக்காரராக இருக்கக்கூடும். இப்போது நினைத்தால் அந்த அடிக்குறிப்பைச் சுருட்டி விழுங்கிவிடலாம் போல இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஏற்பாடு செய்திருந்த ஜீப் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தது. ஓட்டுநர் அந்தோணிராஜ், அனுமந்தன்பட்டிக்காரர். முன் கண்ணாடியில் மாதா படம், அதன் கீழே ஒரு கொத்து ஏலக்காய். விடியுமுன்பே பெண்களை ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டி ஏலத் தோட்டத்தில் இறக்கிவிட்டு, மலையிறங்கி வந்து, பகலில் என்னைப் போன்றவர்களை ஏற்றிக்கொண்டு, மூன்று மணிக்கு மறுபடி பெண்களைக் கூட்டிவர மலையேறுவார்.

"மன்னிச்சுக்கங்க மேடம், மேல ஒரே மூடாப்பு. ரோடு தெரியல. நீங்க ரெண்டு மணிக்குள்ள என்னைய விட்ரணும். நேரத்துக்கு வரலைன்னா வேற வண்டி வச்சுக்கிறோம்னு கங்காணி பறஞ்சிருக்காரு" என்றார். அவருடைய தமிழில் இப்படி நடுநடுவே மலையாளம் எட்டிப் பார்க்கும்.

அன்று மேற்குப் பக்கம் போனோம். பண்ணைப்புரத்தில் காற்று ஆளைத் தள்ளியது. எங்கள் ஊர்க் கடல் காற்றில் உப்பு இருக்கும். இதில் ஈர மண்ணும் சாணமும் கலந்து வந்தது. அங்கே நான் கேட்டவர்கள் எல்லாரும் என் படத்தில் இருந்தபடியே பதில் சொன்னார்கள். காய்ச்சலா, இந்த ஆஸ்பத்திரி. எலும்பு முறிவா, அந்த ஆஸ்பத்திரி. ஒரு கோடுகூடத் தப்பவில்லை. டீக்கடையில் வடையைப் பிட்டுக்கொண்டே, கையெழுத்தை இன்றைக்கே போட்டுவிட்டு மூணாறு பார்க்கப் போகலாமா என்று யோசித்தேன்.

திரும்பும் வழியில் ஜீப் சூடாகி நின்றுவிட்டது. அந்தோணிராஜ் வாய்க்காலில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே கேட்டார். "நாளைக்கு எங்கன போறோம்?"

"மலையடி ஆஸ்பத்திரிக்கு. அங்க நிக்கிற ஆம்புலன்ஸ ஹைவேக்கு மாத்தப் போறாங்களாம்."

அவர் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். "யாரு சொன்னாக?"

"மேப் சொல்லுது" என்றேன். நான் சொல்கிறேன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வாளியை எடுத்து மீதித் தண்ணீரை ஊற்றினார்.

புதன்கிழமை மலையடி. ஓடைப்பட்டியைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். கறுப்புக் குலைகள் தலைக்கு மேலே தொங்கின. பந்தல் முடிந்ததும் ஜல்லி பெயர்ந்த ரோடு, குறுகலான ஓர் ஓடைப் பாலம், அதன் பிறகு ஏற்றம். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமர நிழலில் வெள்ளை ஆம்புலன்ஸ் நின்றது. உள்ளே நுழைந்தால் கூட்டம். பெஞ்சு முழுக்க வயிற்றைத் தாங்கிக்கொண்டு பெண்கள், பக்கத்திலேயே அவரவர் அம்மாக்கள்.

அங்கே நர்ஸ் சகாயமேரி. இருபது வருடத்துக்கு மேலாக அதே ஆஸ்பத்திரியில் இருக்கிறார். என் படத்தை வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி நீண்ட நேரம் பார்த்தார்.

"இதுல எங்க ஆஸ்பத்திரியச் சுத்தி ஏன் வெள்ளையா இருக்கு?"

"பக்கத்து ஊர்க்காரங்க இங்க வர்றது இல்லையே சிஸ்டர். உங்க பிரசவப் பதிவேட்டுல இருந்துதான் எடுத்தேன்."

"அப்ப இங்கன உக்காந்திருக்கவக எல்லாம் யாரு? வேண்டுதலுக்கு வந்திருக்காகளா?"

நான் பெஞ்சில் கடைசியாக இருந்த பெண்ணிடம் போனேன். செல்வி என்று பெயர், இருபது வயது சொல்லலாம். கை நிறைய வளையல், கால்கள் நன்றாக வீங்கியிருந்தன. பக்கத்தில் அவளுடைய அம்மா பாண்டியம்மாள், வெயிலில் கறுத்துக் காய்ந்த ஒல்லியான பெண். செல்வியின் கர்ப்பகால அட்டையை வாங்கிப் பார்த்தேன். விலாசம்: சின்னமனூர்.

"சின்னமனூர்ல இருந்தா வர்றம்மா? அங்கேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கே?"

செல்வி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அது அவுக ஊரு. நான் ஊத்துப்பட்டில இருந்து வாறேன்."

"தலைப்பிரசவம்ல" என்றாள் பாண்டியம்மாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "வளையல் போட்டுக் கூட்டியாந்துட்டோம். ஆத்தா வீட்டுலதானே பெறணும்?"

ஊத்துப்பட்டி மலையடிக்கும் மேலே இருக்கும் கடைசி ஊர். என் படத்தில் அந்தப் பெயரே கிடையாது.

 அடுத்த பெண்ணைக் கேட்டேன். அட்டையில் கம்பம், வந்தது பக்கத்துத் தெரு. அதற்கடுத்தவள் அட்டையில் உத்தமபாளையம். வந்தது மேற்கே கதிரடிக்கும் களத்தைத் தாண்டி உள்ள தெரு. எல்லாருடைய ஆதாரிலும் புருஷன் வீட்டு விலாசம். பதிவேட்டில் ஏறியதும் அதுவே. இந்த ஊர்ப் பெண்கள் கட்டிக்கொண்டு போனது கீழே ஹைவே பக்கம். பிள்ளை பெற வருவது மேலே அம்மா வீட்டுக்கு. நான் அவர்களை எல்லாம் ஒரு சொடுக்கில் புருஷன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருந்தேன். இருக்கும் பதிவேடுகளிலேயே பிரசவப் பதிவேடுதான் சுத்தமாக, விடாமல் எழுதப்பட்டிருக்கும் என்று அதையே தேர்ந்தெடுத்த கெட்டிக்காரியும் நான்தான்.

இதில் எனக்கு எந்தச் சாக்கும் கிடையாது. என் மகள் பிறந்தது திருத்துறைப்பூண்டியில். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போனேன். அந்த ஆஸ்பத்திரியில் விலாசம் கேட்டபோது யோசிக்காமல் சென்னை நங்கநல்லூர் என்று சொன்னவள் நான். அங்கே யாராவது படம் போட்டிருந்தால், முந்நூறு கிலோமீட்டர் தாண்டிப் பிரசவத்துக்கு வந்த பைத்தியம் என்று என்னை நினைத்திருப்பார்கள். அல்லது அங்குள்ள நர்ஸ் கைராசிக்காரர் என்று அடிக்குறிப்பு போட்டிருப்பார்கள்.

"சிஸ்டர், இதை மாத்தணும். உங்களுக்கு ஞாபகம் இருக்குமா, யார் யார் எந்த ஊர்ல இருந்து வந்தாங்கன்னு?"

"எம்புட்டு வருசத்துக்கு வேணும்?" என்றார் சகாயமேரி.

கூட்டம் குறைந்த பிறகு பதிவேட்டை நடுவில் வைத்து உட்கார்ந்தோம். நான் பெயரைப் படிப்பேன், அவர் ஊரைச் சொல்வார். "மாரீஸ்வரியா, ஊத்துப்பட்டி. தண்ணித் தொட்டிக்குப் பக்கத்து வீடு. ஆம்பளப் பிள்ள, மஞ்சக்காமாலை வந்து தேறுச்சு. அடுத்தது? அவ கீழத்தெரு, ரெட்டைப் பிள்ள." சந்தேகம் வந்த இடத்தில் அந்த வீட்டுக்கே போன் போட்டுக் கேட்டார். மதியம் அவருடைய டிபன் பாக்ஸிலிருந்து எனக்கும் பாதி வந்தது. மொச்சைக்கொட்டைக் குழம்பும் வாழைக்காய்ப் பொரியலும். அவ்வளவு ருசியான சாப்பாட்டை அவ்வளவு அவமானத்தோடு நான் சாப்பிட்டதில்லை.

ஒவ்வொரு பெயராக லேப்டாப்பில் நகர்த்த, ஹைவேயில் இருந்த புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கழன்று மலையடிக்கு வந்து சேர்ந்தன. வெள்ளையாக இருந்த இடம் கறுத்துப்போனது. ஊத்துப்பட்டி என்று புதிதாகப் பெயர் எழுதினேன்; அதன்மேல் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

உடனே தேனி டாக்டருக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். "வெள்ளிக்கிழமை கொண்டு வாங்க மேடம், பார்ப்போம். ஆனா நீங்க எப்படியும் கையெழுத்துப் போட்டுருவீங்கன்னு, வண்டிய மாத்தச் சொல்லி முன்னாடியே உத்தரவு போயிருச்சே. நாளைக்குக் காலையில எடுத்துருவாங்க. ரெண்டு நாள்தானே, ஒண்ணும் ஆகாது."

நானும் ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் ஆசைப்பட்டேன்.

வியாழக்கிழமை ஒரு திட்டத்தோடு கிளம்பினேன். ஊத்துப்பட்டியிலிருந்து ஹைவேக்குப் போக உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஜீப்பிலேயே போய்ப் பார்த்து, அதையும் கூட்டத்தில் வைப்பது. மலையடி ஆஸ்பத்திரியைக் கடந்தபோது வேப்பமரத்தடி காலியாக இருந்தது. ஆம்புலன்ஸ் நின்ற இடத்தில் மண்ணில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அந்தோணிராஜ் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கியர் மாற்றினார்.

ஊத்துப்பட்டிக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டு. முதல் வீட்டு வாசலிலேயே பாண்டியம்மாள் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். "வண்டி வந்துருச்சு, வண்டி வந்துருச்சு" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். எங்களை ஆம்புலன்ஸ் ஆட்கள் என்று நினைத்துவிட்டாள். காலையிலிருந்து செல்விக்குத் தலைவலி. இப்போது கண் மங்கலாகத் தெரிகிறது என்கிறாளாம். போன் செய்ததில் ஹைவேயிலிருந்து வண்டி வர வேண்டும், காத்திருங்கள் என்றார்களாம்.

"ஏத்துங்க" என்றார் அந்தோணிராஜ்.  ஏலத் தோட்டத்துப் பெண்கள் உட்காரும் பின் பெஞ்சில் செல்வியைச் சாய்த்து, தலையை அம்மா மடியில் வைத்தோம். முன் சீட்டில் ஏறிய நான், வந்த வேலையின் பழக்கத்தில், பயண நேரத்தை அளக்க, போனில் ஸ்டாப்வாட்ச் கடிகாரத்தைத் தட்டிவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மலையடி ஆஸ்பத்திரி வாசலுக்கு சகாயமேரி ஓடி வந்தார். ஜீப்புக்குள்ளேயே பிரஷர் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன், பாண்டியம்மாளும் பார்த்தாள்.

"ஜன்னி கண்டுரும். இங்கன வச்சுப் பார்க்க முடியாது. தேனிப் பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்" என்றார். உள்ளே ஓடி ஊசியைக் கொண்டுவந்து இடுப்பின் இரண்டு பக்கமும் போட்டார். டாக்டர் அன்று வேறு ஊர் முகாமில் இருந்தார். அவரிடம் போனில் பேசிக்கொண்டே பையில் மருந்துகளை அள்ளிப் போட்டுக்கொண்டார். "ஆம்புலன்ஸ் ஓடைப்பட்டி தாண்டிருச்சாம். இங்க வர்ற வரைக்கும் நிக்க வேணாம், நாம எதுக்கப் போயிருவோம்." அவரும் ஏறிக்கொண்டார்.

நேற்று வேப்பமரத்தடியில் நின்ற வண்டி இன்றைக்கும் நின்றிருந்தால் இந்நேரம் செல்வி அதற்குள் படுத்துப் போய்க்கொண்டிருப்பாள். ஜீப்பில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். 

அந்தோணிராஜ் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் யாருக்கோ போன் செய்தார். "ஏலே, இன்னைக்கு எம் பொம்பளையாளுகளையும் நீயே ஏத்திட்டு வந்துரு. கங்காணி கேட்டா நான் செத்துட்டேன்னு சொல்லு" என்று சொல்லி வைத்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் செல்வி முனகினாள். "ஆத்தா, கண்ணுல இருட்டுதே" என்றாள் ஒருமுறை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. என்னால் முடியவில்லை.

ஓடைப் பாலத்துக்கு வந்தால் வழி இல்லை. திராட்சை ஏற்றிய லாரி ஒன்று பாலத்தின் நடுவில் சாய்ந்து நின்றது. பின் சக்கரம் ஓரச் சுவரை இடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியிருந்தது. அந்தப் பக்கம், லாரிக்கு மேலே ஆம்புலன்ஸின் நீல விளக்கு சுற்றுவது தெரிந்தது. நடுவே இருபதடி தூரம் இருக்கும்.

லாரியில் இருந்த சுமைக்காரர்கள் ஆறேழு பேர் கீழே நின்று ஆளாளுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சகாயமேரி இறங்கிப் போனார். "பேறுகாலத்துப் பிள்ளய்யா. ஜன்னி வரப் போகுது. அங்கிட்டுக் கொண்டு போகணும்" என்றார். அவ்வளவுதான். தலையில் துண்டு கட்டிய ஒருவர், "பெட்டிய இறக்குங்கடா" என்று கத்தினார். லாரியின் வலது பக்க ஓரத்தில் திராட்சைப் பெட்டிகளை மளமளவென்று ஓடைக்குள் எறிந்தார்கள். யாருடைய திராட்சை, யார் கேட்பார்கள் என்று ஒருவரும் பார்க்கவில்லை. எடை குறைந்ததும் லாரி ஒரு சாண் நிமிர்ந்தது. லாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் இடம் கிடைத்தது.

ஜீப்பில் இருந்த தார்ப்பாயை மடித்து அதில் செல்வியைக் கிடத்தினார்கள். இரண்டு பேர் சுவர்மேல் நின்றார்கள், இரண்டு பேர் லாரியின் பக்கப் பலகையில் தொற்றிக்கொண்டார்கள், கைமாற்றிக் கைமாற்றி அவளை நகர்த்தினார்கள். கீழே பத்தடி ஆழத்தில் பாறையும் நசுங்கிய திராட்சையும். நடுவழியில் செல்வியின் கை வெட்டி வெட்டி இழுத்தது. "வந்துருச்சு, வந்துருச்சு, விடாதீக, ஒருக்களிச்சுப் பிடிங்க" என்று சகாயமேரி அலறினார். ஒருவர்கூட பிடியை விடவில்லை. நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். பாண்டியம்மாளின் செருப்பையும் துணிப்பையையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சகாயமேரியும் பாண்டியம்மாளும் உள்ளே ஏறிவிட்டார்கள். நீல விளக்கு திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே போய் மறைந்தது. செருப்பும் பையும் என் கையிலேயே இருந்தன.

"உக்காருங்க மேடம்" என்றார் அந்தோணிராஜ். பாலத்துச் சுவரில் உட்கார்ந்தேன். "அந்த மேப்பப் போட்டது நான்தான் அண்ணே" என்றேன். "தெரியும்" என்றார் அவர். "செவ்வாக்கிழமையே தெரியும்."

சாயங்காலம் ஐந்தரைக்கு சகாயமேரி போன் செய்தார். ஆபரேஷன் முடிந்தது. பெண் குழந்தை, எடை குறைவு, ஆனால் நன்றாக அழுகிறது. செல்வி இன்னும் கண் விழிக்கவில்லை. போனை வைத்தபோதுதான் பார்த்தேன், மதியம் தட்டிவிட்ட கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டே இருந்தது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக் கூட்டத்தில் புதிய படத்தைப் பழைய படத்துக்குப் பக்கத்தில் விரித்தேன். "முதல் படம் தப்பு. தப்பு என்னுடையது. பதிவேடு எழுதினவங்க மேல பழி இல்ல" என்று சொல்லிவிட்டு, விலாசம் புருஷன் வீட்டுடையது, பெண்கள் வந்தது அம்மா வீட்டிலிருந்து என்பதை விளக்கினேன். நேற்று நடந்ததையும் சொன்னேன். 

ஓர் அதிகாரி, "ஒரு கேஸை வச்சு முடிவை மாத்த முடியுமா?" என்றார். டாக்டர் நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துக்கொண்டார். இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த ஊர் முன்னாடி இல்லையே" என்று ஊத்துப்பட்டியின் மேல் விரலை வைத்தார். "இருந்துச்சு சார். நான்தான் வைக்கல" என்றேன். அவர் பேனாவை எடுத்தார். இன்று மாலைக்குள் வண்டி மலையடிக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் இல்லை, ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு கொஞ்ச நேரம்தான் ஆகும் என்பதில்.

பஸ்ஸுக்கு முன்னால் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். செல்வி விழித்திருந்தாள். முகம் வீங்கி, உதடு கடிபட்டு, ஆனால் விழித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தாள். பாண்டியம்மாளிடம் செருப்பையும் பையையும் கொடுத்தேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க வரலைன்னா எம் பிள்ள போயிருப்பா ஆத்தா. நல்லா இருப்பீக" என்றாள்.

அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். வண்டியை அங்கிருந்து எடுத்தது என் படத்தைப் பார்த்துத்தான் என்று. "எல்லார் விலாசமும் கீழ ஊருன்னு எழுதியிருந்துச்சு. அதனால உங்க பக்கத்துல ஆளே வர்றதில்லைன்னு போட்டுட்டேன்."

பாண்டியம்மாள் என் கையை விட்டாள்.

"நாங்க இல்லைன்னா போட்டீக?"

"ஆமா."

 அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பிப் போய்ப் பேத்தியின் துணியைச் சரிசெய்தாள். நான் கிளம்பவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கட்டில் ஓரத்தில் நின்றேன்.

அப்போது வார்டு ஊழியர் ஒரு பெண் படிவத்தோடு வந்தாள். தாய் பெயர், தகப்பன் பெயர், வயது. "விலாசம்?"

"சின்னமனூரு..." என்று தொடங்கினாள் செல்வி.

"பொறு" என்றாள் பாண்டியம்மாள். எழுந்து வந்து அந்தப் பெண்ணுக்கு எதிரே நின்றாள். "அது இவ மாமியா வீடு. நாங்க வந்தது ஊத்துப்பட்டில இருந்து. அத எழுதுங்க."

"ஆதார்ல இருக்கிறதத்தான் எழுதணும்மா."

"அதையும் எழுதிக்கங்க. அதுக்குக் கீழ ஊத்துப்பட்டியையும் எழுதுங்க. இல்லைன்னா எங்க ஊருல ஆளே இல்லைம்பாக."

ஊழியர் அலுத்துக்கொண்டாள். ஆனால் எழுதினாள். பாண்டியம்மாள் படிவத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. எழுதியிருக்காகளான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க."

"ஊத்துப்பட்டி" என்று வாசித்தேன்.

"சத்தமா வாசிங்க" என்றாள்.